இல்லாத வேண்டுதல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இந்த வாய் மட்டும் இல்லாட்டி உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் எந்த ஊரில் லாரியை நிறுத்தியிருந்தாலும் போன் போட்டுச் சொல்வார். அவர் வடக்கே லோடு ஏற்றிப் போகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் டிரைவர் சீட்டுக்கு ரெக்சின் உறை தைக்கிறேன். பட்டறை முழுக்க ஆம்பிளைகள். வாய் இல்லாமல் அங்கே ஒரு பொழுது தள்ள முடியாது. அதனால் என் வாயைப் பற்றி எனக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை, போன வருஷம் வரைக்கும்.

என் மகளுக்குக் கடலை ஆகாது. நிலக்கடலை. மூன்று வயதில் ஒரு கடலை மிட்டாயில் பாதியைத் தின்றாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வழியில் நான் கூப்பிடாத சாமி பாக்கியில்லை. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பிறகு சேலத்தில் ஒரு பெரிய டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "துளி கூடக் கூடாதும்மா. அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம். ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார். அவசரத்துக்கு என்ன செய்யணும் என்று ஒரு தாளில் எழுதி, மருந்தும் ஊசியும் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் கடலையை விட்டு எங்கே ஒளிவது? காட்டில் கடலை, செக்கில் கடலெண்ணெய், இட்டிலிக்குக் கடலைச் சட்னி, பஸ்ஸில் ஜன்னலுக்கு ஜன்னல் பொட்டலக் கடலை. "முட்டை ஆகாம இருந்திருந்தா ஊரையே காலி பண்ணியிருக்கோணும், கடலையோட போச்சேன்னு சந்தோசப்படு" என்று வீட்டுக்காரர் தேற்றுவார். கோழிப்பண்ணை இல்லாத திசை எங்கள் ஊரில் இல்லை. அந்த மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு வேண்டும்.

வீட்டில் கடலையை ஒழித்துவிட்டேன். பள்ளிக்கூடம்தான் பயம். ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது டாக்டர் தாளைத் தலைமை ஆசிரியர் மேஜையில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். "பாத்துக்கலாங்க" என்றார் பெரிய சார். தாளை ஃபைலில் வைத்தார். மருந்து டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏனுங்க சார், புள்ளைக்கு மூச்சு அடைக்கறப்ப நீங்க டீ குடிக்கப் போயிருந்தா நான் உங்க சட்டைப் பையைத் தேடி ஓடறதுங்களா?" என்று அங்கேயே ஒரு சத்தம் போட்டு, டப்பாவை வகுப்பு டீச்சர் மேஜைக்கு மாற்ற வைத்தேன். டீச்சர் சின்னப் பொண்ணு, ஆனால் கெட்டிக்காரி. தாளை இரண்டு தடவை படித்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான். "கடலை தின்னு ஆராச்சும் சாவாங்களா?" என்றார்கள். "தெனம் ஒண்ணு ரெண்டு குடுத்துப் பழக்கு, சரியாப் போயிரும்" என்று எனக்கே வைத்தியம் சொன்னார்கள். பிறந்தநாள் என்று ஒரு பையன் கொண்டுவந்த கடலை உருண்டை என் மகள் பையிலேயே இருந்தது. நல்ல வேளை, அவள் தின்னவில்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் போய்க் கேட்டால், "பொட்டப்புள்ளைக்கு நோவு நோவுன்னு நீயே ஊரெல்லாம் தமுக்கு அடிக்கறயே, நாளைக்கு ஆரு கட்டுவா?" என்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு! அவளோடு தெருவில் நின்று போட்ட சண்டையில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் திருச்செங்கோட்டு பஸ்ஸில் அது நடந்தது. பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தர் வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் ஒரு கை அள்ளி, "இந்தா சாமி" என்று நீட்டினார். வேண்டாங்க என்றேன். "கொழந்தைக்குத்தானே குடுக்கறேன், உனக்கா குடுத்தேன்?" என்று இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் கொடுக்கிற கையைத் தள்ளுவது அடிப்பது மாதிரி. வியாதிக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப் போயிருந்தது. வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்: "வேண்டுதலுங்க அம்மா. மலைக்குப் போயி நேர்த்திக்கடன் தீக்கற வரைக்கும் புள்ள கடலை தொடக்கூடாதுங்க."

அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கடலையைப் பொட்டலத்தில் போட்டு, பொட்டலத்தைப் பைக்குள் திணித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லோணுமல்ல அம்மிணி! சாமி குத்தமாயிருக்குமே" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பிறகு பஸ் திருச்செங்கோடு போய்ச் சேரும் வரைக்கும் ஒரு கடலைகூட அவர் தின்னவில்லை.

நான் ஆடிப்போய்விட்டேன். சேலத்து டாக்டர் தாளுக்கு இல்லாத மரியாதை என் ஒரு பொய்க்கு! மறுநாளே பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெரிய சாருக்கும் டீச்சருக்கும் உண்மை தெரியும், அவர்கள் வாயைத் திறக்கவில்லை. இரண்டே நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகளே காவல் காத்தார்கள். யாராவது கடலை மிட்டாய் கொண்டுவந்தால், "டேய், அவ பக்கத்துல வராதடா, சாமி கண்ணைக் குத்திரும்" என்று விரட்டினார்கள். என்னோடு சண்டை போட்டவள்கூடக் கோயில் பக்கம் என்னைப் பார்த்து, "என்ன வேண்டுதலோ, நல்லபடியா நடக்கட்டும்" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் சத்துணவு சமைக்கிற அக்கா. பிள்ளைகளுக்கு அவர் ஆயா. ஐம்பது தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். புளிச்சோறு ஆக்குகிற நாளில் தன் வீட்டுக் கடலையை வறுத்து ஒரு கைப்பிடி போடுவது அவருடைய கைப்பக்குவம். அந்தச் சோற்றுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். வேண்டுதல் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கடலையைச் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுவரவில்லை. சட்டியையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாராம். "சாமிக்கு இருக்கற புள்ள தனியா டப்பாவுல ஆறின சோறு திங்கறதா? நான் சுத்தமா ஆக்கறேன், எல்லாத்தோடவும் உக்காந்து சாப்பிடட்டும்" என்று என் மகளிடம் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் யோசித்தேன். பிறகு சோற்று டப்பா கட்டுவதை நிறுத்திவிட்டேன். முதல்நாள் எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

மகளிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. "இது நோவு கண்ணு. வெளியில கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கோ" என்று சொல்லிவைத்தேன். அவள் என்னைப் போல இல்லை. வாய் குறைவு, யோசனை அதிகம். "மலைச்சாமிகிட்டச் சொல்லிட்டயாம்மா?" என்று கேட்டாள். "அதெல்லாம் சாமிக்குத் தெரியும், போ" என்று விரட்டிவிட்டேன். இரண்டு வருஷம் ஒரு தடிப்பு, ஒரு அரிப்பு இல்லாமல் ஓடியது.

போன ஆவணியில் ஒருநாள் மத்தியானம், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் போன். "அக்கா, பயப்படாதீங்க. பாப்பா நல்லா இருக்கா. ஆனா ஒடனே வாங்க" என்றாள். பயப்படாதீங்க என்று சொன்னால் பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன், எந்த வழியாகப் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் டீச்சர் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். "தின்னலைம்மா. கையிலதான் பட்டுச்சு. சோப்புப் போட்டு ரெண்டு வாட்டிக் கழுவிட்டேன். டீச்சர் மருந்து குடுத்துட்டாங்க" என்றாள். நான் பதறினால் அவளும் பதறுவாள் என்று என் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் தள்ளிச் சமையல் அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு வாழையிலையில் கடலை உருண்டைகள்.

நடந்ததை டீச்சர் சொன்னாள். அக்காவுக்கு ரொம்ப நாளாக மனசுக்குள் ஒரு குறை. லாரிக்காரன் வீட்டில் மலைக்குப் போக நேரமில்லை, அதற்கு இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, இன்னும் எத்தனை வருஷம் மற்ற பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று. ஊர் மாரியம்மன் கோயிலில் பூ கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டு மலைக்குப் போய், பஸ்ஸில் ஏறாமல், அந்த முழங்காலோடு படி ஏறி, என் மகள் பேருக்கு அர்ச்சனை செய்து, "இந்தப் புள்ளையோட கடனை நான் தீத்துட்டேன் சாமி, விட்டுரு" என்று வேண்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பிறகு தன் கையால் வெல்லம் காய்ச்சி உருண்டை பிடித்துச் சாமிக்குப் படைத்து, மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது எல்லோர் முன்னாலும் என் மகளைக் கூப்பிட்டு, "உன் வேண்டுதல் முடிஞ்சுது சாமி, மொத வாய் நீதான்" என்று தாடையைப் பிடித்து ஊட்டப் போயிருக்கிறார்.

பிள்ளைகள் கைதட்டினார்களாம். என் மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தள்ளிவிடவில்லை. அக்கா கையிலிருந்து உருண்டையைத் தன் கையில் வாங்கி இலையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம்: "ஆயா, வேண்டுதல் எல்லாம் கெடையாதுங்க. இது நோவுங்க. கடலை தின்னா எனக்கு மூச்சு அடைச்சுக்கும், செத்துப் போயிருவேனுங்க. எங்கம்மா பயந்துக்கிட்டு அப்பிடிச் சொன்னாங்க. நீங்க எனக்காக மலை ஏறினீங்க, கோவிச்சுக்காதீங்க ஆயா." சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவி, டீச்சரிடம் மருந்து டப்பாவைக் கேட்டிருக்கிறாள். எட்டு வயசு!

அக்கா பக்கம் திரும்பினேன்.

"சாமி பேர்ல பொய் சொல்லுவாங்களாடி?" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, மெதுவாகத்தான் கேட்டார். "அது கெடக்குட்டும், சாமி உன்னைப் பாத்துக்கும். நான் என்ன பாவம் பண்ணுனேன்? வளத்த புள்ளைக்கு என் கையால வெசத்தை ஊட்டப் பாத்தேனே. தின்னிருந்தா நான் உசுரோட இருப்பேனா?"

"மொதல்ல நெசத்தைத்தானுங்க அக்கா சொன்னேன். ஒருத்தரும் கேக்கலை" என்றேன்.

"ஆருகிட்டச் சொன்னே?"

"பெரிய சார்கிட்டச் சொன்னேன். டீச்சர்கிட்டச் சொன்னேன். புள்ளைங்களோட அம்மாமாருக்குச் சொன்னேன்."

"சோறாக்கறவகிட்ட ஆரு சொன்னா?"

தாளைக் காட்டியது ஆபீஸ் அறையில். சண்டை போட்டது வாசலில், தெருவில். என் மகள் தின்கிற சோறு வேகிற இடம் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால், பத்தடி தூரம். அங்கே நான் ஒருநாள்கூடப் போகவில்லை. சார், டீச்சர் என்றால் விவரம் தெரிந்தவர்கள், சமையல் செய்கிற அக்காவுக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று என் மனசுக்குள் ஒரு திமிர் இருந்திருக்கிறது. எழுந்து போய் அவர் காலைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். முழங்கால் வலிக்குது, விடு என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். தடிப்பு அடங்கியிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மனுஷன் சிரிக்காமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "புள்ளகிட்டக் குடு" என்றார். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் குறுகுறுப்பு. அத்தனை பிள்ளைகள் முன்னால் என்னைப் பொய்க்காரி என்று போட்டு உடைத்துவிட்டாளே. நாளைக்கு எந்த முகத்தோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பது? ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டே, "ஏன் கண்ணு, இப்ப வேண்டாங்க ஆயா, அப்பறமாத் திங்கறேன்னு சொல்லியிருந்தா போதுமே. எல்லாத்தையும் எதுக்குச் சொன்னே?" என்று கேட்டேன்.

பின்னால் இருந்து என் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிப் பதில் சொன்னாள். "நான் இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருவேன்மா. ஆயாதான் வேண்டுதல் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுட்டாங்கல்ல? நாளைக்குச் சோத்துல போட்டுருவாங்க. சோத்துல இருந்தா எனக்குத் தெரியாது."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த ஒரு வாயைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த நாள் சோற்றை நினைத்திருக்கிறாள். தாடையை ஒரு கை பிடித்திருக்கும்போது, சுற்றிலும் கைதட்டல் கேட்கும்போது.

மறுநாள் காலையில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, டாக்டர் தாளை எடுத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பு பற்ற வைக்கவில்லை. மேடையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு இருந்தது. என்னைப் பார்த்ததும் அதன் மூடியைத் திறந்து காட்டினார். வாய் வரைக்கும் வறுத்த கடலை, தோல் நீக்கி, பாதி பொடித்து.

"இன்னைக்குப் புளிச்சோறு" என்றார். "ரெண்டு வருசமாப் புள்ளைங்க ஏங்கிக் கெடந்துதுகளேன்னு மலையில இருந்து வந்த அன்னைக்கே வறுத்து, முந்தாநாளே இங்க கொண்டாந்து வச்சிட்டேன். ஆருகிட்டயும் சொல்லலை. தட்டுல சோறு விழுந்ததும் குதிக்கட்டும்னு நெனச்சேன்."

அங்கே கிடந்த அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்தத் தூக்கை வெளியே கொண்டுபோய்த் தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "ம், இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு. என்ன ஆகும், என்ன பண்ணோணும், ஊசி எங்க இருக்குது, எல்லாஞ் சொல்லு" என்றார். ஒன்று விடாமல் சொன்னேன். எந்தச் சாமியையும் நடுவில் இழுக்காமல் சொன்னேன். அவர் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். பெரிய சார் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. "வளவளன்னு இத்தனை பேசறயே, உனக்கு அந்தப் புள்ள எப்பிடிப் பொறந்துச்சு?" என்றார். "அவ நேத்து அந்த ஒரு வார்த்தை சொல்லாட்டி, இன்னேரம் நான் சோத்துல கடலையைக் கொட்டிக் கெளறிக்கிட்டு இருப்பேன். உனக்கு வாய்தான் அம்மிணி. புத்தி அவளுக்குத்தான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "ஆமாங்க அக்கா" என்றேன்.